தீர்க்காயுள் தீவும் துரித உணவும்

ஜப்பான் தேசத்தின் தென்கோடியில், தைவானை நோக்கி நீண்டு கிடக்கும் ஒகினாவாத் தீவுகளிலே, நூறு வயது கடந்த கிழவர்களும் கிழவிகளும் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டும் கடற்கரையில் பாசி பொறுக்கிக்கொண்டும் சுகஜீவிகளாய் வாழ்கிறார்கள் என்ற கீர்த்தி சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உலகமெங்கும் பரவியிருந்தது. 1975-ஆம் ஆண்டு முதலே மகோட்டோ சுஸுகி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் அந்த முதியவர்களைத் தேடிச் சென்று, அவர்களுடைய ஆகாரத்தையும் தேக நிலையையும் நடமாட்டத்தையும் ஆராய்ந்து எழுதி வந்தார்கள். 1985-இல் ஜப்பானின் 47 மாகாணங்களுக்குள் ஆண், பெண் ஆகிய இருபாலாரின் ஆயுள் கணக்கிலும் ஒகினாவாவே முதலிடம் வகித்தது. 1995-இல், பெரும் யுத்தம் முடிந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த தருணத்தில், அந்த மாகாணம் தன்னை உலகத்தின் தீர்க்காயுள் பிரதேசம் என்று பிரகடனமே செய்துகொண்டது. அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் நிலைமை மாறிவிட்டது. 1995-இல் 4-ஆம் இடத்தில் இருந்த ஒகினாவா ஆண்கள் 2000-ஆம் ஆண்டில் 26-ஆம் இடத்துக்கு இறங்கினார்கள்; அந்த இறக்கத்துக்கு ‘இருபத்தாறு அதிர்ச்சி’ என்றே ஜப்பானில் பெயர் வழங்கலாயிற்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்கிலோ ஆண்களுக்குக் கிடைத்தது 43-ஆம் இடம். நெடுங்காலம் எவருக்கும் விட்டுக்கொடாமல் முதலிடத்தில் நின்ற பெண்களுக்கும் 16-ஆம் இடமே மிஞ்சியது.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒகினாவா மக்களின் ஆயுளே குறைந்துவிட்டது என்று எண்ணுவது சரியன்று. அவர்களுடைய சராசரி ஆயுள் முன்னைவிடக் கூடியே இருக்கிறது. மற்ற மாகாணங்களில் அது விரைவாகக் கூட, இங்கே மெதுவாகக் கூடியபடியால், முன்னே நின்றவர்கள் பின்னே தள்ளப்பட்டார்கள் என்பதே உண்மை. ஆயினும் அந்தச் சராசரிக்குள்ளே ஒரு துக்கம் மறைந்திருக்கிறது. யுத்தத்துக்கு முன்னே பிறந்து வளர்ந்த முதியவர்கள் இன்னும் திடகாத்திரமாகவே இருக்க, யுத்தத்துக்குப் பின்னே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் நாற்பதிலும் ஐம்பதிலும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் ஈரல் நோயாலும் மடிவது அங்கே அதிகமாயிற்று. தந்தைக்கு மகன் கொள்ளி வைப்பது உலக வழக்கம். அந்த வழக்கம் முறை பிறழ்ந்து போன வீடுகள் தீர்க்காயுளுக்குப் பேர்போன அதே பூமியில் பெருகின. ஒரே தீவு, ஒரே கடற்காற்று, ஒரே வமிசம். இரண்டு தலைமுறைகளுக்கு இடையே இத்தனை பெரிய வித்தியாசம் ஏற்பட்டிருக்குமானால், காரணத்தை ரத்தத்தில் தேடிப் பயனில்லை, வாழ்க்கை முறையிலேதான் தேட வேண்டும்.

‘அமெரிக்காக்காரனின் ஹாம்பர்கர் வந்தது, ஒகினாவாக்காரனின் ஆயுள் போயிற்று’ என்று இதற்கு ஒரு சுருக்கமான விடை சொல்வார்கள். உலகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களில் அமெரிக்கத் துரித உணவுக் கடைகள் கிளை பரப்பியிருக்கும் இந்நாளில், அந்த விடை கேட்பதற்கு இதமாகவும் இருக்கிறது. குற்றவாளி அயலான் என்று தெரிந்துவிட்டால் யாருக்குத்தான் மனம் லேசாகாது? ஆனால் அது பாதி உண்மையே. மற்றப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு ஜனசமூகத்தின் நாக்கு தானாகவே கெட்டுப்போவதில்லை என்பதும், அதற்கு முன்னே அந்த ஜனங்களின் நிலமும் தெருவும் அடுக்களையும் கெட்டிருக்க வேண்டும் என்பதும் விளங்கும். எனது வாதம் அதுவே.

பழைய ஒகினாவா எதை உண்டு வாழ்ந்தது? யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1949-இல் எடுத்த கணக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. அதன்படி, அந்த மக்கள் உட்கொண்ட கலோரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்தே கிடைத்தது. கொழுப்பிலிருந்து கிடைத்த பங்கு நூற்றுக்கு 6 மாத்திரமே; நாள் ஒன்றுக்கு உண்ட மொத்த அளவோ 1,800 கலோரிக்குச் சற்றுக் குறைவு. கிழங்கோடு கூடப் பாகற்காயும், கீரைகளும், சோயா மொச்சையிலிருந்து செய்த டோஃபுவும், கடற்பாசியும், கொஞ்சம் மீனும் இருந்தன. பன்றி இறைச்சி பண்டிகைக்கு உரியது. அதையும் வெகுநேரம் வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுத்தான் பரிமாறுவார்கள். வயிற்றின் பத்துப் பங்கில் எட்டுப் பங்கு நிறைந்தவுடன் எழுந்துவிட வேண்டும் என்பது அங்கே பெரியோர் சொல்லிக்கொடுத்த ஒழுக்கம்.

இதையெல்லாம் ரிஷிகளின் விரதம் போல வருணிப்பது இக்காலத்து நூல்களுக்கு வழக்கமாகிவிட்டது. உண்மையிலே அது விரதமன்று, வறுமை. புயல் அடிக்கடி புரட்டிப் போடும் அந்தத் தீவுகளில் நெல் நிச்சயமில்லாத பயிர். மண்ணுக்குள்ளே ஒளிந்து விளைகிற கிழங்கையோ எந்தப் புயலும் தொட முடியாது. 1605-ஆம் ஆண்டில் நொகுனி சோகான் என்பவர் சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து அந்தக் கொடியைக் கொண்டுவந்து நட்ட நாள் தொட்டு, பஞ்சத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே அரணாக நின்றது அந்தக் கிழங்குதான். அது எங்கிருந்து சீனத்துக்கு வந்தது என்று கேட்டால், விடை சுவாரசியமானது: கொலம்பஸுக்குப் பின்னே ஸ்பானியக் கப்பல்களில் ஏறிவந்த அமெரிக்கக் கண்டத்துப் பயிர் அது. ஆகவே, அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆகாரமே ஒகினாவாவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயுளைத் தந்தது. அயல் பதார்த்தம் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் விலக்கச் சொல்கிறவர்கள் இந்தச் சரித்திரத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கிழங்கு வந்தபோது அது ஒகினாவாவின் மண்ணில் வேர்விட்டு, ஒகினாவாவின் பெண்கள் கையால் அவிந்து, ஒகினாவாவின் உழைப்பாகவே மாறிற்று. பின்னால் வந்தவை அப்படி வரவில்லை.

அவை யுத்தத்தின் வழியே வந்தன. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்தத் தீவிலே நடந்த போரில், இரு தரப்புச் சைனியங்களின் நடுவே அகப்பட்டு, குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டனர். ஊர்கள் சாம்பலாயின, 1914 முதல் ஓடிக்கொண்டிருந்த சிறிய ரயில் பாதையும் அழிந்தது. பிழைத்தவர்களை முகாம்களில் அடைத்துவைத்து, அமெரிக்க சைனியம் தன் டப்பா இறைச்சியையும் பால்பொடியையும் கோதுமை மாவையும் கொடுத்துக் காப்பாற்றியது. பட்டினியால் மயங்கிக் கிடந்தவனுக்கு அந்த உப்பிட்ட இறைச்சி அமிர்தமாகத் தோன்றியதில் ஆச்சரியம் ஏது? அதன்பின் 1950-களில், பனிப்போரின் தேவைகளுக்காகத் தளங்களை விரிக்க நேர்ந்தபோது, ‘துப்பாக்கிக் கத்தியும் புல்டோசரும்’ என்று ஒகினாவா மக்கள் இன்றும் கசப்போடு நினைவுகூரும் முறையிலே விளைநிலங்கள் பறிபோயின. முகாமிலிருந்து திரும்பிய குடியானவர்களில் பலர் தம் கிழங்குத் தோட்டம் இருந்த இடத்தில் முள்கம்பி வேலியையும் விமான ஓடுதளத்தையும் கண்டார்கள். இன்றைக்கும் பிரதான தீவின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு அமெரிக்கத் தளங்களின் வசத்தில் இருக்கிறது. நிலம் போனவன் தளத்திலேயே கூலி வேலைக்குச் சேர்ந்தான். கூலியைக் கொண்டு தளத்திலிருந்து கசிந்துவந்த டப்பாக்களை வாங்கினான். விளைவித்து உண்டவன் வாங்கி உண்பவனானான்.

இந்தப் பின்னணியில்தான் 1963-ஆம் ஆண்டில் ஏ அண்ட் டபிள்யூ என்ற அமெரிக்க ஸ்தாபனம் அந்தத் தீவிலே தன் முதற் கடையைத் திறந்தது. ஜப்பானின் தலைநகரம் தன் முதல் மக்டொனால்ட்ஸ் கடையைக் காண்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, ஒகினாவாவில் மோட்டாரை விட்டு இறங்காமலே ஹாம்பர்கரும், பெரிய கண்ணாடிக் குவளையில் ரூட் பீர் என்னும் இனிப்புப் பானமும் வாங்கிப் புசிக்கலாம் என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. ரயில் இல்லாத தீவு; தளத்துக்கும் தளத்துக்கும் இடையே அகன்ற சாலைகள்; 1972-இல் ஆட்சி ஜப்பானுக்குத் திரும்பும்வரை அமெரிக்க நிர்வாகம். அங்கே கார் என்பது ஆடம்பரமன்று, கால். 2003-இல் நாஹா நகரத்தில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடத் தொடங்கும்வரை, கடைத்தெருவுக்கும் காரியாலயத்துக்கும் மோட்டாரில் போவதைத் தவிர அநேகருக்கு வேறு மார்க்கமே இருக்கவில்லை. பாட்டன் மண்வெட்டியோடு நடந்த தூரத்தைப் பேரன் உட்கார்ந்தபடியே கடந்தான். பாட்டன் உண்டதைவிட அதிகமாகவும் உண்டான். 1984-இல் கின் என்னும் ஊரில், ஹான்ஸன் தளத்து வாயிலுக்கு எதிரே, மசாலாவிட்ட கொத்திறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் வெறுஞ்சோற்றின் மீது பரப்பி ‘டாக்கோ ரைஸ்’ என்ற பதார்த்தம் பிறந்தது. இன்று அது ஒகினாவாவின் சொந்தப் பக்குவமாகவே மதிக்கப்படுகிறது.

இனி, தலைநகரத்தில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1971-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி, டோக்கியோவின் செல்வத் தெருவான கின்ஸாவில், மிட்சுகோஷி பெருங்கடையின் கீழ்த்தளத்தில், டென் ஃபுஜிட்டா என்ற வியாபாரி மக்டொனால்ட்ஸின் முதற் கடையைத் திறந்தார். நடந்துகொண்டே தின்பது மரியாதைக் குறைவு என்று கருதிய சமூகத்திலே, ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களை நிறுத்திவைத்த அந்தத் தெருவில், இளைஞர்கள் கையில் ஹாம்பர்கரோடு உலாவும் காட்சியை அவர் உண்டாக்கிக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகள் ஹாம்பர்கர் தின்றால் ஜப்பானியரும் உயரமாய், வெள்ளை நிறமாய், பொன்னிறத் தலைமயிரோடு விளங்குவார்கள் என்று அவர் பேசியது பிரசித்தம். அதற்கும் முன்னே, 1956 முதல், அமெரிக்கக் கோதுமை வியாபாரத்தின் பண உதவியோடு அடுப்பு பொருத்திய பஸ்கள் கிராமம் கிராமமாகச் சென்று, மாவுப் பலகாரங்களைப் பெண்களுக்குக் கற்பித்தன. 1974-இல் கென்டக்கி சிக்கன் ஸ்தாபனம் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வறுத்த கோழியே உகந்தது என்று விளம்பரம் செய்ய, கிறிஸ்தவர் மிகச் சொற்பமாயுள்ள அந்த நாட்டில் அது ஒரு சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டது. ஜப்பானில் இன்று மக்டொனால்ட்ஸ் கடைகள் மாத்திரமே ஏறத்தாழ 3,000 இருக்கின்றன.

இத்தனை படையெடுப்புக்கும் பின்னே ஜப்பான் தேசம் முழுவதையும் எடுத்து எடைபோட்டால் என்ன தெரிகிறது? அமெரிக்காவில் பெரியவர்கள் பத்துப் பேரில் நால்வர் மிகை பருமனாய் இருக்கும்போது, அதே சர்வதேச அளவுகோலின்படி ஜப்பானில் இருபது பேரில் ஒருவரே அப்படி இருக்கிறார். கடைகள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு; பொட்டலமும் ருசியும் ஒன்றே. டோக்கியோவாசி ரயில் நிலையத்துக்கு நடந்து போகிறான், படி ஏறுகிறான், மறுபடியும் நடக்கிறான். அவன் குழந்தை, 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடைபெறும் பள்ளி மதிய போஜனத்தில், அன்றன்று சமைத்த காய்கறியும் மீனும் சூப்பும் உண்கிறது. கோதுமை ரொட்டியோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் 1976 முதல் அரிசிச் சோறும் முறையாக இடம்பெற்றது. வெள்ளைத் தொப்பி அணிந்த பிள்ளைகளே சக மாணவர்களுக்குப் பரிமாறி, வகுப்பறையிலேயே ஆசிரியரோடு அமர்ந்து ஒரே உணவை உண்ணுகிறார்கள். இப்படிப்பட்ட வாழ்க்கையின் நடுவே ஹாம்பர்கர் எப்போதாவது வரும் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போகிறது. நிலமும் ரயிலும் அழிந்து, வருமானத்தில் தேசத்திலேயே கடைசி வரிசையில் நிற்கும் ஒகினாவாவிலோ அது வீட்டுக்காரனாகிவிட்டது.

துரித உணவு நிரபராதி என்று இதனால் பொருள் கொள்ளலாகாது. உடல் நூலார் அண்மையில் கண்டறிந்த உண்மைகள் அதற்கு இடந்தருவதில்லை. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த கெவின் ஹால் என்பவரும் அவர் கூட்டத்தாரும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இருபது பேரை மருத்துவ விடுதியிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவையும் கொடுத்து, வேண்டியமட்டும் உண்ணலாம் என்று விட்டுவிட்டார்கள். பரிமாறிய இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை சம அளவு. அப்படியிருந்தும் ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் சராசரியாகத் தினந்தோறும் ஏறத்தாழ 500 கலோரி அதிகமாக உட்கொண்டார்கள்; இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய எடையும் கூடிற்று. அவர்கள் வேகமாகவும் உண்டார்கள். மெல்ல வேண்டிய சிரமம் இல்லாமல் மிருதுவாக்கப்பட்ட பதார்த்தம், வயிறு ‘போதும்’ என்று சொல்லுமுன்பே உள்ளே போய்விடுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கூறும் காரணங்களில் ஒன்று. ஆகவே, ‘அளவோடு உண்டால் எதுவும் கெடுதலில்லை’ என்று வியாபாரிகள் சொல்லும் உபதேசம், அளவறியும் புலனையே மழுங்கச் செய்கிற பதார்த்தத்துக்குப் பொருந்துமா என்பது யோசிக்கத்தக்கது.

கீழை நாட்டு மக்களைப் பற்றித் தனியாகவே ஒரு சாட்சியம் இருக்கிறது. சிங்கப்பூரில் வாழும் சீனர்களில் 50,000-க்கு மேற்பட்டவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியாயிற்று. மேனாட்டுத் துரித உணவை வாரத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ உண்டவர்களுக்கு, அதைத் தொடாதவர்களைவிட நீரிழிவு வரும் அபாயம் நூற்றுக்கு 27 பங்கும், இதய நோயால் மரிக்கும் அபாயம் நூற்றுக்கு 56 பங்கும் அதிகமாயிருந்தன. இத்தகைய ஆய்வு சேர்க்கையைக் காட்டுமே தவிர, காரணத்தைத் திட்டமாக நிரூபிக்காது என்பது மெய்தான். ஆயினும் மேற்சொன்ன பரிசோதனையோடு சேர்த்துப் படிக்கையில் அதன் பலம் கூடுகிறது. மேலும், நம்மையும் உள்ளிட்ட ஆசிய மக்கள் ஐரோப்பியரைவிடக் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் இலக்காகிறோம் என்பதை 2004-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழுவே எடுத்துக் காட்டி, சர்வதேச எல்லையோடு அதனினும் தாழ்ந்த எச்சரிக்கை எல்லைகளையும் கருதும்படி யோசனை கூறியது. அமெரிக்கன் ஒருவன் தாங்கக்கூடிய கொழுப்பை, மெலிந்த தேகமுள்ள ஆசியன் தாங்கமாட்டான். அமெரிக்க அளவுக்கென்று அமைந்த பொட்டலமோ எங்கேயும் அதே ருசியோடு வந்து சேர்கிறது.

இந்த ஒரே தன்மைதான் அந்த வியாபாரத்தின் ஜீவநாடி. 1948-இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் மக்டொனால்ட் சகோதரர்கள் தம் கடையின் பதார்த்தப் பட்டியலைச் சுருக்கி, சமையலை ஆலை வேலை போலக் கூறு கூறாகப் பிரித்து, தேர்ச்சியற்ற சிறுவனும் செய்யத்தக்கதாக ஆக்கினார்கள். அவர்களிடம் உரிமை பெற்ற ரே கிராக் 1955 முதல் அதை ஒரு சாம்ராஜ்யமாக வளர்த்தார். சமையற்காரனின் கைப்பக்குவம் தேவையில்லை, ஊரின் விளைச்சல் தேவையில்லை. எங்கே போனாலும் அதே சுவை, அதே சுத்தம், அதே விலைப்பட்டியல். நியாயமாகப் பேசுவதானால், இந்த நிச்சயத்தில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. துப்புரவான மேஜை, யாரும் விரட்டாத இருக்கை, சாதி குலம் அந்தஸ்து கேளாமல் காசுக்குப் பண்டம் கொடுக்கும் சமத்துவம் ஆகியவற்றைப் பல கீழை நகரங்களின் இளைஞர்கள் முதன்முதலில் அனுபவித்தது இத்தகைய கடைகளில்தான் என்பதை மறுப்பதற்கில்லை. அவர்கள் அங்கே போய் உட்கார்வதை அறிவீனம் என்று ஏளனம் செய்கிறவர்கள், அப்படி உட்காரத்தக்க வேறு இடம் ஒன்றைத் தங்கள் ஊரிலே உண்டாக்கித் தந்தோமா என்று முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒகினாவாவின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்று ஆட்சேபிக்கலாம், உண்டுதான். அவமோரி என்னும் உள்ளூர்ச் சாராயம் ஈரலைக் கெடுத்திருக்கிறது. வறுமை வைத்தியத்தைத் தாமதப்படுத்தியிருக்கிறது. யுத்தத்தில் பதிவேடுகள் எரிந்துபோனமையால் அங்கே நூறு வயதினர் தொகையே ஐயத்துக்குரியது என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் நூற்றைக் கடந்த முதியோரைப் பற்றியதே தவிர, நடுவயதில் மரிப்போரின் கணக்கை அது தொடுவதில்லை. மற்றக் காரணங்களோ என் வாதத்துக்கு விரோதமானவை அல்ல. சாராயமும் வறுமையும் மோட்டாரும் டப்பா இறைச்சியும் தனித்தனியே வந்த அதிதிகள் அல்லர். தன் வயலிலும் அடுக்களையிலும் அதிகாரம் இழந்த சமூகத்தின் வாசலிலே அவை கூட்டமாகவே வந்து நிற்கும்.

அவ்வதிகாரத்தை மீட்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி. முடியும் என்பதற்கும் ஜப்பானிலேயே அத்தாட்சி இருக்கிறது. மலைகள் சூழ்ந்த, கடற்கரையில்லாத நாகானோ மாகாணத்து மக்கள், நீண்ட பனிக்காலத்தைக் கடத்துவதற்காக உப்பிலிட்ட கீரையையும் உப்புக் கரிக்கும் மிஸோ சாற்றையும் ஏராளமாக உண்டு பழகியவர்கள். அதன் பயனாக 1960-களில் மூளை ரத்தக் குழாய் வெடித்து மரிப்பதில் தேசத்தின் முன்வரிசையில் நின்றார்கள். அவர்களைக் கெடுத்தது எந்த அமெரிக்கக் கடையும் அன்று, அவர்களுடைய சொந்தப் பாரம்பரியமே. சாக்கு மருத்துவமனையைச் சேர்ந்த வக்காட்சுகி தோஷிகாசு என்ற அறுவை வைத்தியர், நோயாளி தம்மைத் தேடி வரும்வரை காத்திராமல், தாதிகளையும் வைத்தியர்களையும் நாடகக் குழுவாகத் திரட்டிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்று, வைத்தியம் செய்த பிறகு நாடகம் ஆடிச் சுகாதாரம் போதித்தார். 1959 முதல் யாச்சிஹோ என்ற கிராமத்திலே குடிகள் அனைவரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். ஊர்தோறும் குடும்ப ஸ்திரீகள் சுகாதாரத் தொண்டர்களாகி, அண்டை வீடுகளுக்குச் சென்று சாற்றில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து காட்டினார்கள். 1990-இல் நாகானோ ஆண்கள் ஆயுள் கணக்கில் முதலிடத்தை அடைந்தார்கள். 2010-இல் ஒகினாவாப் பெண்கள் இழந்த முதலிடத்தை நாகானோப் பெண்கள் பெற்றார்கள். ஒரு மாகாணம் இறங்கிய படிக்கட்டில் மற்றொன்று ஏறியது. பாரம்பரியம் என்பதற்காக நாகானோ தன் உப்பைப் போற்றவில்லை என்பதையும், பழமையை நினைத்துப் பெருமை பேசியதனால் மட்டும் ஒகினாவா தப்பவில்லை என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

ஜப்பானிய அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2005-இல் ஆகாரக் கல்விக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, பள்ளிகளில் உணவு நூல் கற்ற ஆசிரியர்களை நியமிக்கலாயிற்று. 2008 முதல் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் இடையைச் சுகாதாரப் பரிசோதனையில் அளந்து, ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்ற எல்லையைக் கடந்தோருக்குப் புத்தி சொல்லும் முறையையும் ஏற்படுத்தியது. இவ்விரண்டில் முதலாவதே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். கெட்டபின் இடுப்பை அளப்பதைவிட, கெடுமுன் தட்டை நிரப்புவது எளிது, மலிவு, மரியாதையும்கூட. இதே திசையில் வேறு தேசங்கள் வேறு உபாயங்களைக் கையாண்டிருக்கின்றன. மெக்ஸிகோ 2014 முதல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டர் ஒன்றுக்கு ஒரு பெஸோ வரி விதித்தது. சிலி 2016-இல் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களின் மேலுறையில் கறுப்பு எண்கோண முத்திரையைப் பொறிக்கச் செய்து, அவற்றைப் பள்ளிக்கூடங்களில் விற்பதையும் தடுத்தது. இவற்றுள் எதுவும் எந்த மனிதனுடைய கையிலிருந்தும் ஹாம்பர்கரைப் பிடுங்கவில்லை. விலையும் விவரமும் பொய் சொல்லாதபடி பார்த்துக்கொண்டதே அவை செய்த காரியம்.

‘தின்பவன் இஷ்டம், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?’ என்று கேட்பவர்களுக்கு ஒகினாவாவின் சரித்திரமே பதில் சொல்லும். அந்தத் தீவின் வயல்களை விமானத் தளமாக்கியது அரசாங்கம். ரயில் பாதையை மீண்டும் போடாமல் சாலையை மாத்திரம் விரித்தது அரசாங்கம். பால்பொடியும் மாவும் டப்பாவும் வந்து இறங்கியது அரசாங்கக் கப்பல்களில். இஷ்டத்தை உருவாக்கும்போதெல்லாம் முன்னே நின்ற அரசாங்கம், நோயைச் சுமக்கும்போது மட்டும் தனிமனிதனின் சுதந்திரத்தைக் காட்டி ஒதுங்குவது நேர்மையாகாது. அமெரிக்கக் கடையைக் கல்லால் அடிப்பதனாலும் அங்கே உண்பவனைத் திட்டுவதனாலும் ஆவது ஒன்றுமில்லை. நகரத்தின் அருகே காய்கறி விளையும் நிலத்தை விற்காமல் காப்பதும், நடந்து போகத்தக்க தெருவை அமைப்பதும், பள்ளியிலே சூடான நல்ல சோற்றைப் பிள்ளைக்கு இடுவதும், சமைத்து உண்ணும் நேரத்தைத் தொழிலாளிக்கு விட்டுவைப்பதுமே காரியம். இவை நான்கும் உள்ள ஊரிலே துரித உணவுக் கடை ஒன்றல்ல, பத்து இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. இவை இல்லாத ஊரிலே அந்தக் கடையை மூடிவிட்டாலும், அது செய்த தீங்கை வேறு பெயர்ப்பலகையோடு வேறொருவன் வந்து செய்துகொண்டிருப்பான்.